காணாமல்போன பதினொன்றரை விழுக்காடு

வேலைக்கு வந்ததும் முதல் காரியமாகப் பத்துமலை ஒரு தொட்டிக்கு முன்னால் நின்று சத்தியம் செய்வார். கட்டிய மனைவிக்குக்கூட அவர் இப்படிச் சத்தியம் செய்து கொடுத்ததில்லை. முப்பத்திரண்டு வருடத்துக்கு முன் தாலி கட்டியபோது மேளச் சத்தத்தில் ஐயர் சொன்னது எதுவும் காதில் விழவில்லை. விழுந்த மாதிரி தலையாட்டியதோடு சரி. தொட்டியிடம் அதெல்லாம் நடக்காது. எட்டு வரி, அட்டையில் அச்சடித்தது. சிந்தமாட்டேன், சிதறமாட்டேன், கவசமின்றித் தொடமாட்டேன் என்று தொடங்கி, என் உயிரினும் மேலாகக் காப்பேன் என்று முடியும். ஒரு வரி விட்டுப்போனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். தொட்டி பதிலுக்கு எதுவும் சொல்வதில்லை. வாரியத்தில் மேலே இருக்கிறவர்கள் எல்லாருமே அப்படித்தான்.

வாரியம் என்றால் நெருக்கடிக்காலக் கிருமிநாசினிக் கையிருப்பு வாரியம். ஊரை வீட்டுக்குள் பூட்டிய அந்த நோய் இருந்தபோது வாரியம் இல்லை. நோய் போனதும் வாரியம் வந்தது. செமோருக்கு அப்பால் ஏழாங்கட்டைத் தோட்டத்தில் ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை போட்ட பிறகு பழைய ரப்பர்பால் கொட்டகை சும்மா கிடந்தது. அதை இடித்து, தரையில் சிமெண்டு போட்டு, பத்தாயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி ஒன்றை நட்டார்கள். உள்ளே பன்னிரண்டு விழுக்காடு வலுவுள்ள கிருமிநாசினி. அதிகாரிகள் அதன் முழுப் பெயரைச் சொல்லி முடிக்க ஒருமுறை மூச்சு விட வேண்டும். பத்துமலைக்கு அது குளோரின் தண்ணி.

பொல்லாத தண்ணீர்தான். தோலை அரிக்கும், இரும்பைத் தின்னும், திராவகத்தோடு சேர்ந்தால் ஆளைக் கொல்லும் புகையாக எழும். அதனால் தொட்டியைச் சுற்றி இடுப்புயரத்துக்குத் தடுப்புச் சுவர். கண்ணில் பட்டால் கழுவிக்கொள்ள ஒரு குழாய். மூடிக்கு மூன்று பூட்டு, மூன்று பேரிடம் மூன்று சாவி. மூன்றாவது சாவிக்காரர் முதல் வருடமே சாவியோடு சிலிம் ரிவருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். எனவே நான்கு வருடமாக மூடியை யாரும் திறக்கவில்லை. வாரியத்தின் அறிக்கையில் இது பாதுகாப்புச் சாதனை என்று பதிவாகியிருக்கிறது. மாதாந்தரப் படிவத்தில் வலு என்ற கட்டத்தில் பன்னிரண்டு என்று முன்பே அச்சாகியிருக்கும். பத்துமலை பக்கத்தில் ஒரு சரி போடுவார்.

பத்துமலைக்கு வயது ஐம்பத்தொன்பது. ஓய்வு பெறப் பதினோரு மாதம் இருந்தது. வாரியத்தின் நூற்றெழுபது விதிகளில் ஒன்றுதான் அவருக்கு மனப்பாடம். கறையில்லாமல் ஓய்வு பெறுகிறவரின் மனைவிக்கு மருத்துவ அட்டை ஆயுளுக்கும் உண்டு. வேலையை விட்டு நீக்கப்பட்டவரின் அட்டை மறுநாளே செல்லாது. அவர் மனைவி வீரம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு மூன்று வருடமாகிறது. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் ஈப்போவுக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு வர வேண்டும். சனி அவருக்கு வேலை கிடையாது. மற்ற இரண்டு நாளும் காலை வேலையைப் பிற்பகலுக்கு மாற்றிக்கொண்டு, பழைய கஞ்சில் காரில் அவளை ஏற்றிக்கொண்டு போவார். அவளுக்கு ஊசி குத்தும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வது அவர்தான். பயப்படுகிற ஆள் ஒருவர் பக்கத்தில் இருந்தால் தனக்குத் தைரியம் வருகிறது என்பாள் வீரம்மா.

விஷயம் இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது தலைமையகத்தில் ஒரு சோதனைப் பெட்டி வாங்கிவிட்டார்கள். வாங்கி அலமாரியில் வைத்திருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. பெட்டிக்குள் இருந்த மருந்துக்குக் கெடு அந்த மாதக் கடைசியோடு முடிந்தது. அதற்குள் எதையாவது சோதித்தாக வேண்டும் என்று கையிருப்புத் தணிக்கை அதிகாரி சுகுமாரன், சிலிம் ரிவரிலிருந்து சாவியை வரவழைத்துக்கொண்டு, ஏழாங்கட்டைக்கு வந்தார்.

மூடியைத் திறந்து, தண்ணீர் எடுத்து, சொட்டு மருந்து விட்டு, கண்ணாடிக் குழாயை வெயிலில் தூக்கிப் பிடித்தார்.

"எவ்வளவு சார் இருக்கு?" என்றார் பத்துமலை.

"அரை."

"அரை டேங்கா? நிறைய இருக்குமே சார்."

"தண்ணி நிறைய இருக்கு. வலு அரை விழுக்காடு. வந்தது பன்னெண்டு. மிச்சம் பதினொன்றரை எங்க?"

பத்துமலை அறியாமலே தரையைக் குனிந்து பார்த்தார்.

"வெயில்ல போயிருக்கும் சார். அந்தத் தண்ணிக்குச் சூடு ஆவாது. கூரை இல்லாம நாலு வருசம் நின்னா இப்ப வெறும் உப்புத் தண்ணிதான்."

"வெளிய போச்சுங்கிறீங்க."

"ஆமா சார்."

"கேட் பாஸ் எங்க?"

"வெயிலுக்கா சார்?"

"யாரா இருந்தா என்ன. வாரியத்தோட பொருள் காம்பவுண்டை விட்டு வெளிய போவணும்னா பாஸ் வேணும். பொறுப்பாளர் கையெழுத்து வேணும். பொறுப்பாளர் நீங்கதானே?"

மறுநாள் கடிதம் வந்தது. பொருள்: பதினொன்றரை விழுக்காடு வலுக் களவு.

களவு என்று ஆகிவிட்டால் களவுப் பொருளைத் தேட வேண்டும். அடுத்த வாரம் சுகுமாரன் குமாஸ்தா தினேஸ்வரியைக் கூட்டிக்கொண்டு பத்துமலை வீட்டுக்கே வந்தார். தினேஸ்வரி கையில் சாயக் கடையில் கொடுக்கும் வண்ண அட்டை இருந்தது. வாரியத்தின் வலு வீட்டுக்கு வந்திருந்தால் துணியில் தெரியும் என்பது சுகுமாரனின் துப்பு.

"அக்கா, தப்பா நெனச்சிக்காதீங்க. கொடியில கெடக்கிற துணிய பாக்கணுமாம்," என்றாள் தினேஸ்வரி, வாசற்படியைப் பார்த்துக்கொண்டு.

"பாருங்க தங்கச்சி. வேட்டிய மட்டும் இழுத்துறாதீங்க. நூலு கையோட வந்துரும்," என்றாள் வீரம்மா. அன்று வியாழன். ஈப்போவிலிருந்து திரும்பிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. நாற்காலியை விட்டு அவளால் எழுந்திருக்க முடியவில்லை.

சுகுமாரன் வண்ண அட்டையை வேட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ரொம்ப வெள்ளையா இருக்கே."

"வருசக்கணக்கா அடிச்சித் தொவச்சா வெளுக்காம என்ன செய்யும் சார்? பத்து வருசமா இந்த ஒரு வேட்டிதான். அது எத்தன விழுக்காடுன்னு அந்தப் பெட்டியில போட்டுப் பாருங்க லா," என்றாள் வீரம்மா.

பெட்டி மருந்துக்குக் கெடு முடிந்துவிட்டிருந்தது. எனவே அறிக்கையில் இப்படி எழுதிக்கொண்டார்கள்: வேட்டி ஒன்று, தலையணை உறை இரண்டு, வெண்மை சந்தேகத்துக்குரியது, மனைவி ஒத்துழைக்கவில்லை, உட்கார்ந்தே இருந்தார்.

விசாரணை ஈப்போவில் நடந்தது. குளிர்சாதன அறை. நீள மேசையின் நடுவே, முத்திரை குத்திய போத்தலில், தொட்டித் தண்ணீர் ஒரு லிட்டர் சாட்சியாக உட்கார்ந்திருந்தது. வாரியத்தின் பாதுகாப்புத் தலைவர் தியாகராஜா விசாரணைக்கும் தலைவர். யாழ்ப்பாணத்து வழி வந்தவர், ஆள் சாது. யாரையும் அதிர்ந்து பேசமாட்டார். கோபம் வந்தால் தமிழ் இன்னும் சுத்தமாகும், அவ்வளவே.

பத்துமலை கையில் ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது. அதில் நான்கு வருடத்தில் அவர் எழுதிய பதினான்கு கடிதங்களின் நகல். தொட்டியின் மேலேயே வெயில் படாமல் வைக்கவும் என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது, கூரை போட்டுத் தாருங்கள், இல்லாவிட்டால் வலு குறைந்துவிடும் என்று பதினான்கு முறை எழுதியிருந்தார். பதில் வராமல் இல்லை. ஒன்பதாம் கடிதத்துக்குப் பிறகு கூரை போட்டார்கள். தொட்டிக்குப் பக்கத்தில் எச்சரிக்கைப் பலகை மழையில் நனைந்து எழுத்து அழிந்துகொண்டிருந்தது. அதன் மேல் போட்டார்கள்.

இந்தப் பையைத்தான் பத்துமலை பிள்ளையாரைப் போல நம்பி வந்திருந்தார். தியாகராஜா கடிதங்களை ஒவ்வொன்றாகப் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் வாடியது.

"பத்துமலை, இது நீங்கள் எழுதினதுதானே?"

"ஆமா சார்."

"வலு குறைஞ்சு போகும் எண்டு நாலு வருசத்துக்கு முந்தியே எழுதியிருக்கிறீங்கள்."

"எழுதினேன் சார்."

"எனக்குத் தெரியேல்லை. சுகுமாரனுக்குத் தெரியேல்லை. வாரியத்தில் முந்நூற்றிருபது பேர், ஒருத்தருக்கும் தெரியேல்லை. நடக்கப் போறது முன்கூட்டியே தெரிஞ்ச ஒரே ஆள் நீங்கள். இப்ப சொல்லுங்கோ, களவு போகும் எண்டு தெரிஞ்ச ஆளைச் சந்தேகப்படுறதோ, ஒண்டுமே தெரியாத எங்களைச் சந்தேகப்படுறதோ?"

"சார், நான் கூரை கேட்டேன்."

"பதினாலு தரம் கேட்டிருக்கிறீங்கள். கள்ள நோக்கம் இல்லாத ஆள் ஒருதரம் கேட்டுப்போட்டுப் பேசாமல் இருந்திருப்பார்."

சுகுமாரன் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். தினேஸ்வரி கணினியில் தட்டிக்கொண்டிருந்தாள். அவள் விரல்கள் ஒரு கணம் நின்று, பிறகு மறுபடியும் தட்டின.

தியாகராஜா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கும் மனவருத்தம்தான். ஆனால் வாரியம் எண்டது மனவருத்தப்பட்டு நடத்திற காரியம் இல்லை. தினேஸ்வரி, எழுதுங்கோ. பணி நீக்கத்துக்குப் பரிந்துரை..."

பத்துமலைக்கு அதற்குமேல் காது கேட்கவில்லை. நாளை வெள்ளி. மறுநாள் சனி, வீரம்மாவின் முறை. சுத்திகரிப்பு நிலைய முகப்பில் உட்கார்ந்திருக்கும் பெண் அட்டையை வாங்கிக் கருவியில் தேய்ப்பாள். செல்லாது என்று வரும். மறுபடி தேய்ப்பாள். வீரம்மா பையை மடியில் வைத்துக்கொண்டு, என்னங்க ஆச்சு என்று இவர் முகத்தைப் பார்ப்பாள்.

அவர் எழுந்தார். போத்தலின் முத்திரையை உடைத்தார். தண்ணீரைப் பக்கத்தில் இருந்த பழத்தட்டில் ஊற்றினார். வலது கையை மணிக்கட்டுவரை அதில் வைத்து அழுத்திக்கொண்டார்.

"பாருங்க சார். ஒண்ணுமில்ல. யாரும் எடுக்கல. செத்துப்போன தண்ணி சார் இது."

தியாகராஜா நாற்காலிமேல் ஏறி நின்றார். சுகுமாரன் கதவுப் பக்கம் போனவர், தடயத்தை விட்டுப் போகக்கூடாது என்ற விதி நினைவுக்கு வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். தினேஸ்வரிதான் ஓடிவந்து பத்துமலையின் கையைப் பிடித்து இழுத்துக் குழாயடிக்குக் கொண்டுபோய்க் கழுவினாள். கை கொஞ்சம் வழுக்கியது. வேறொன்றும் இல்லை.

தியாகராஜா நாற்காலியில் நின்றபடியே பாதுகாப்புக் குறிப்பைப் புரட்டினார். "பட்ட இடத்தில் கடும் எரிகாயம் உண்டாகும். போட்டிருக்கு. பொறுங்கோ, வரும்."

மூவரும் காத்திருந்தார்கள். பத்துமலையின் கை மேசைமேல், ஒரு வெள்ளைத் தாளின் மேல், எல்லாரும் பார்க்கும்படி வைக்கப்பட்டிருந்தது. சுவர்க் கடிகாரத்தில் கால் மணி நேரம் போயிற்று.

"சில பேருக்குத் தாமதமாகும்," என்றார் தியாகராஜா.

அரை மணி நேரம் போயிற்று. கை கையாகவே இருந்தது. ரப்பர் சீவிய காலத்துத் தழும்பு ஒன்று மட்டும் கட்டைவிரலுக்குக் கீழே தெரிந்தது. சுகுமாரன் அதைக் கொஞ்ச நேரம் நம்பிக்கையோடு பார்த்தார்.

"காயம் இல்ல. அப்ப வலு இல்ல. களவு நிரூபணமாச்சு," என்றார்.

"அவசரப்படாதேங்கோ," என்றார் தியாகராஜா. அப்போதுதான் அவருக்கு வேறொன்று உறைத்தது. வாரியம் தொடங்கி ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு நாள் விபத்து இல்லை. ஆயிரத்தைந்நூறு ஆனால் தேசிய அளவில் ஒரு கேடயம் உண்டு, மேடைக்குப் போய் வாங்க வேண்டியவர் அவர். பாதுகாப்புத் தலைவரின் கண்ணெதிரே, பாதுகாப்புத் தலைவரின் பழத்தட்டில், ஓர் ஊழியர் ஆபத்தான இரசாயனத்தில் கையை விட்டிருக்கிறார். அது ஆபத்தான இரசாயனம் என்றால் விபத்து. ஆபத்தில்லாத தண்ணீர் என்றாலோ, நான்கு வருடமாக முந்நூற்றிருபது பேர் உப்புத் தண்ணீருக்குச் சத்தியம் செய்திருக்கிறார்கள்.

இரண்டு பேரும் ஒரு மணி நேரம் வாதாடினார்கள். தியாகராஜாவுக்கு எரிந்த கை வேண்டும், ஆனால் விபத்து வேண்டாம். சுகுமாரனுக்கு எரியாத கை வேண்டும், ஆனால் அதை வாரியம் என்னவென்று எழுதுவது என்று அவருக்கும் தெரியவில்லை. கைக்குச் சொந்தக்காரரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

தேநீர் வேளையில் தினேஸ்வரி கோப்பையைப் பத்துமலையின் இடது கைப் பக்கம் வைத்தாள்.

"அண்ணே, வலது கைய அசைக்காதீங்க."

"ஒண்ணுமில்லம்மா, நல்லாத்தான் இருக்கு."

"அப்படிச் சொல்லாதீங்க. எரியுதுன்னு சொல்லுங்க. எரிஞ்சா வலு இருக்குன்னு அர்த்தம். வலு இருந்தா களவு இல்ல."

"விபத்தாயிருமே. அதுக்கும் என்னையதானே புடிப்பாங்க."

"காயம் பட்ட ஆளு ஒரு நாள்கூட எம்.சி. லீவு எடுக்கலன்னா விபத்துக் கணக்குல வராதுண்ணே. முதலுதவின்னு போயிரும். நாந்தானே அந்த ரிப்போர்ட்ட நாலு வருசமா அடிக்கிறேன்."

அவள் அதைத் தியாகராஜாவிடமும் சுகுமாரனிடமும் தனித்தனியாகச் சொன்னாள். இருவருமே, அது தங்களுக்கு முன்பே தோன்றியது என்றார்கள்.

வாரியத்தின் மருத்துவ அறை அதே கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. டாக்டர் கௌசிகா பத்துமலையின் கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"கையில ஒண்ணும் இல்லையே."

"டொக்டர், பாதுகாப்புக் குறிப்பில் காயம் எண்டு இருக்கு," என்றார் தியாகராஜா.

"குறிப்புக்கா மருந்து போடச் சொல்றீங்க? நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

கதவு சாத்தியதும் டாக்டர் கேட்டார்: "அண்ணே, உண்மையச் சொல்லுங்க. வலிக்குதா?"

பத்துமலை யோசித்தார். பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் வேறு பேச்சு வந்தது. வீரம்மாவின் அட்டையைப் பற்றிச் சொன்னார், அது பாதியில் நின்றுவிட்டது. "வலிக்குது டாக்டர்," என்றார். "ரொம்ப வலிக்குது."

டாக்டர் பேனாவை எடுத்தார். பிறகு எழுதினார்: கண்ணுக்குத் தெரியும் காயம் இல்லை, நோயாளி கடும் வேதனையில் இருக்கிறார். வாரியத்துக்கு இரண்டாவது பாதி போதுமாக இருந்தது. முழங்கைவரை கட்டுப் போட்டு அனுப்பினார்கள்.

மறு திங்கள் ஏழாங்கட்டையில் சிறப்புக் கூட்டம். தியாகராஜா ஒலிபெருக்கியில் பேசினார்.

"தொட்டியில் உள்ள வலு பன்னிரண்டு விழுக்காடு எண்டதை ஒரு தொழிலாளி தன் கையாலேயே மெய்ப்பித்திருக்கிறார். காயப்பட்டும் ஒரு நிமிட வேலையையும் அவர் இழக்கவில்லை, இழக்கவும் மாட்டார். காயம் படாமல் இருப்பது பாதுகாப்பு. பட்ட காயம் பதிவாகாமல் இருப்பது உயர்ந்த பாதுகாப்பு."

எல்லாரும் கை தட்டினார்கள். பத்துமலை தட்ட முடியாமல் நின்றார்.

கூட்டம் முடிந்து அவர் தியாகராஜாவின் காரருகே போனார். "சார், நாளைக்குச் செவ்வா. பொஞ்சாதியக் கூட்டிட்டு ஈப்போ போவணும். வழக்கமா பிற்பகலுக்கு மாத்திக்குவேன்."

"அது பழைய நடைமுறை. காயம் பட்ட ஆள் காலையில் வராட்டால் அரை நாள் இழப்பு எண்டு விழும். விபத்து எண்டு எழுத வேண்டி வரும். விபத்து எண்டால் விசாரணை. விசாரணை எண்டால் மறுபடியும் தண்ணியைச் சோதிக்க வேண்டி வரும். விளங்குதோ?"

"எத்தன நாளைக்கு சார்?"

"காயம் ஆறினால் காயம் இல்லையெண்டு ஆகிவிடும். நீங்கள் ஓய்வு பெறும் வரைக்கும் கட்டு இருக்கட்டும்."

வீரம்மா அதைக் கேட்டுவிட்டு, மருத்துவ அட்டையை எடுத்துத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுத் தர்மா ஈப்போவின் புந்தோங் சந்தைக்குக் காய்கறி வேன் ஓட்டுகிறவன். விடியற்காலை ஐந்துக்கு அவனோடு கிளம்பினால் ஆறுக்கு இறங்கிக்கொள்ளலாம். நிலையம் திறக்க எட்டாகும். அதுவரை படியில் உட்கார்ந்திருக்கலாம். சுத்திகரிப்பு முடிந்து கால் நடுங்க வெளியே வந்தால், அவன் வேனைத் திருப்பிக்கொண்டு வர மூன்று மணியாகும். அதுவரை மறுபடியும் படி.

பத்துமலை தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காயம்பட்டவர் வேலை செய்யக் கூடாது, வேலைக்கு வராமலும் இருக்கக் கூடாது. மூன்றாம் வாரம் கட்டுக்குள் வியர்த்து வியர்த்துக் கை அரிக்கத் தொடங்கியது. ஐந்தாம் வாரம் இடுக்கில் பார்த்தார். தோல் வெந்து சிவந்து, இரண்டு இடத்தில் நீர் கோத்திருந்தது. தினேஸ்வரியிடம் மட்டும் காட்டினார். அவள் பார்த்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். அதைச் சொன்னால் இரண்டாவது காயம். இரண்டாவது காயத்துக்குப் படிவமே வேறு.

அன்று வியாழன். மதியம் ஒரு மணிக்கு அவர் கைப்பேசி அடித்தது. இடது கையால் எடுத்தார்.

"முடிஞ்சிருச்சிங்க," என்றாள் வீரம்மா. பின்னால் சாலையில் பேருந்து போகும் சத்தம் கேட்டது. குரல் மெலிந்திருந்தது.

"ஊசி குத்தறப்ப வலிச்சுதா?"

"இல்ல. நானே மொகத்தத் திருப்பிக்கிட்டேன்."

"மயக்கம் வருதா? தண்ணி குடிச்சியா?"

"எனக்கு என்ன, படியில நெழலாத்தான் இருக்கு. தர்மா வந்துருவான். ஒங்க கை எப்படி இருக்கு?"

பத்துமலை கட்டைப் பார்த்தார். அவள் அங்கே தனியாக உட்கார்ந்திருந்தாள். அவளிடம் போய் இதைச் சொல்லவா?

"கைக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு வீரம்மா. ஒரு காயமும் இல்ல."



"மெதுவா பேசுங்க லா," என்றாள் அவள். "யாராச்சும் கேட்டுறப் போறாங்க."